நாலு மணிக்கு முன்னாடி ஒரு நடை

அந்தச் சரக்குக் கிடங்கில் அவளை எல்லோரும் வியாழக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. கூட்டித் துடைக்க வந்தவள் அவள். வாரத்தில் ஆறு நாளும் கூட்டினாள், துடைத்தாள். வியாழக்கிழமை மட்டும் அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம், கிடங்குக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஓட்டுகிற சர்வரை நிறுத்தி, மறுபடி எழுப்பிவிட வேண்டும்.

அந்த வேலைக்கென்று அவளை யாரும் வைக்கவில்லை. அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. ஆறு வருஷம் முன்னால் ஒருநாள் கிடங்கு முழுக்க எல்லாத் திரையும் அப்படியே உறைந்து நின்றது. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் சர்வர் அறைக்குப் போன் போட்டான். ஏசியிலிருந்து ஒழுகிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த இவள்தான் எடுத்தாள். அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, இவள் ஒற்றை விரலால் தேடித் தேடி அழுத்தினாள். சர்வர் எழுந்துகொண்டது. அடுத்த வாரம் மறுபடி படுத்தது, மறுபடி இவளே எழுப்பினாள். மூன்றாவது வாரம் அந்தக் கட்டளை வரியை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். கீழே 'வியாழன், மாலை 4 மணி' என்று போட்டார்கள். சாவியை இவள் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

அது ஏன் படுக்கிறது என்று ஒருமுறை கேட்டாள். ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் ஞாபக இடம் எடுக்கிறது, முடிந்ததும் திருப்பிக் கொடுக்க மறந்துவிடுகிறது என்றான் கம்பெனிக்காரன். இவளுக்குப் பட்டென்று புரிந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த தட்டை எடுக்கிற ஜாதி. வியாழக்கிழமைக்குள் வீட்டில் தட்டே இருக்காது. வெள்ளிக்கிழமை லாரிகள் வரிசைகட்டி நிற்கிற நாள். அதற்குள் கழுவிக் கவிழ்த்தாக வேண்டும்.

எழுப்புவது பெரிய பாடில்லை. பத்து நிமிஷம். அதற்கு முந்தின நடைதான் முழங்கால் மூட்டைப் பிழிந்தது. சர்வர் நின்றால் பாதியில் இருப்பதெல்லாம் போய்விடும். நிற்கப்போகிறேன் என்று அது ஒரு வார்த்தை சொல்லாது. ஆகவே மூன்றரைக்கே இவள் கிளம்புவாள். மூன்றாம் மாடியில் பதிவுப் பிரிவு, இரண்டாம் மாடியில் சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச், கீழே கிடங்கு, வாசலில் எடைமேடை. எல்லோரிடமும் சொல்லி முடித்து, மறுபடி மூன்று மாடி ஏறினால்தான் சர்வர் அறை. அதை மேலே கொண்டுபோய் வைத்தவன் ஒருநாளும் வாளியோடு படி ஏறியிருக்க மாட்டான்.

எடைமேடையில்தான் சிக்கல் அதிகம். லாரி காலியாக வரும்போது ஒரு எடை, சரக்கு ஏற்றிப் போகும்போது ஒரு எடை. இரண்டாவது எடை போடுகிற வரைக்கும் சாஃப்ட்வேர் முதல் எடையை எங்கேயும் பதிந்து வைக்காது, சும்மா வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கும். நடுவில் நிறுத்தினால் முழுங்கிவிடும். அதனால் இவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். பாதியில் நிற்கிற லாரிகளின் எண்ணையும் எடையையும் பென்சிலால் எழுதிக்கொள்வாள். எழுந்த பிறகு எடைமேடைக்காரன் அதைப் பார்த்து மறுபடி ஏற்றுவான்.

வீட்டுக்காரர் முன்னாள் லாரி டிரைவர். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஒன்று சுத்தமாக மூடிவிட்டது. முகம் மழித்தால் பாதித் தாடி நிற்கும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்கிற கண் டாக்டர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். அந்த நாள் வியாழக்கிழமை. கூட ஒரு ஆள் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷன் கிடையாது. இரண்டு தடவை தேதி வாங்கி இரண்டு தடவையும் விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று மாதம் தள்ளிப்போனது. இனியும் விட்டால் தேதி தர முடியாது, புரை பழுத்துப்போனால் பிறகு தொடுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டாள் நர்ஸ்.

"உன் பெரிய வீட்டுக்காரர் விடமாட்டாரே," என்றார் அவர்.

"யாரு?"

"அதான், ஏசி ரூம்ல படுத்திருக்காரே. வாரா வாரம் நீ போய் எழுப்புனாத்தான் எழுந்திருப்பாரு. நான் இங்க கண்ணு தெரியாம தானா எந்திரிச்சு உக்காந்திருக்கேன்."

"அவரு குறட்டையாவது விடமாட்டாரு."

சிரித்தார்கள். சிரித்த பிறகு அவர் கையை நீட்டிக் காற்றில் துழாவி டம்ளரைத் தேடினார். அவள் எடுத்துக் கையில் வைத்தாள்.

மூன்றாவது தேதி நெருங்கின வாரம் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். அடுத்த வருஷம் சாஃப்ட்வேரைப் புதுசாக்கப் போகிறார்களாம். இப்போதைய குறை என்ன, என்ன மாற்றம் வேண்டும் என்று கேட்டு எழுத வந்திருந்தாள். மானேஜர் அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இவள் வாசலில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எல்லாமே போன்ல தெரியணும். வீட்ல இருந்தே பாக்கணும்," என்றார் மானேஜர்.

"ஒரே சீட்டை ரெண்டு பேரு தெறந்தா, கடைசியா மூடுறவன் எழுதினதுதான் நிக்குது. முதல் ஆளு எழுதினது காத்துல போகுது," என்றார் பதிவுப் பிரிவுப் பெரியவர்.

டெஸ்பாட்ச் கிளார்க்குக்கு வேறு மனக்குறை. "ஏதோ தவறு நேர்ந்துவிட்டதுன்னு வருது. என்ன தவறுன்னு சொல்ல மாட்டேங்குது. எங்க வீட்ல கோவிச்சுக்கிட்டாலும் இப்படித்தான். நாமளா கண்டுபிடிக்கணும்."

இன்ஜினியர் பெண் எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள். "இது வாரத்துக்கு ஒருதடவை நின்னு கிளம்புதே. சர்வரோட பதிவுல இருக்கு. யாரு செய்யறது?"

மானேஜர் வாசலைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"நீங்களா?" என்றாள் பெண். "ஆறு வருஷமாவா?"

"நடுவுல காய்ச்சல் வந்தப்பவும் வந்துட்டுப் போனேன்," என்றாள் வியாழக்கா.

"உங்களுக்கு இதுல என்னக்கா மாத்தணும்?"

"எனக்கு ஒரு வியாழக்கிழமை வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னாள். வருகிற வியாழன்தான் தேதி.

"அதுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேணாம்க்கா. நாலு மணிக்குத் தானா நின்னு தானா எழுந்திருக்கற மாதிரி ஒரு டைமர் போட்டுட்டாப் போதும். அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷம். வியாழக்கா தரை துடைக்கிற கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இந்தப் பெண் ஆறு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள்.

"முன்னாடி எல்லார்கிட்டயும் சொல்லணுமே மேடம்?"

"எல்லாருக்கும் மெயில் போயிடும்க்கா. கவலைப்படாதீங்க."

மெயிலை யார் பார்க்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் டைமர் வேண்டாமென்று ஆகிவிடுமோ என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. புதன்கிழமை எடைமேடைக்காரனிடம் போனாள்.

"தம்பி, நாளைக்கு நான் வரமாட்டேன். பாதியில நிக்கற வண்டியோட எடைய மூணரைக்கே எழுதி வச்சுக்கோ."

"அதான் தானா நடக்கும்னு மெயில் வந்திருக்கேக்கா. ஆறு வருஷத்துல நான் படிச்ச ஒரே மெயில்."

"எழுதி வச்சுக்கோ."

"சரிக்கா, சரிக்கா. நீ போய் அண்ணனைப் பாரு."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி. வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தால் மூட்டு இன்னும் வலிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றேகாலுக்கு அவரைப் பச்சைத் துணி மாட்டி உள்ளே கூட்டிப்போனார்கள். மூன்றரை ஆனதும் அவள் கால்கள் தானாக எழப் பார்த்தன. அடக்கி உட்கார்ந்தாள். இந்நேரம் பதிவுப் பிரிவு, இந்நேரம் டெஸ்பாட்ச் என்று மனசு மட்டும் படி இறங்கிக்கொண்டிருந்தது.

நாலு அடித்துப் பத்து நிமிஷத்தில் போன் வந்தது. எடைமேடைக்காரன்.

"அக்கா, போச்சு."

"எழுதலையா?"

"மூணு வண்டில ரெண்டு எழுதினேன். மூணாவது எழுதறதுக்குள்ள டிரைவர் சண்டைக்கு வந்துட்டான், அதப் பாத்துட்டுத் திரும்புறேன், திரை கறுத்துப்போச்சு. வெளியூர் வண்டிக்கா, முதல் தடவை வருது. காலி எடை தெரியாம சீட்டு போட முடியாது."

"ஏத்தியாச்சா?"

"நானூறு மூட்டை. ஏத்தி, தார்ப்பாய் கட்டியாச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நானூறையும் இறக்க வேண்டும். காலி வண்டியை எடைபோட்டு மறுபடி நானூறையும் ஏற்ற வேண்டும். மெயில் அனுப்பினவர்கள் தூக்கப் போவதில்லை. லோடுமேன்கள்தான் தூக்க வேண்டும். காலையிலிருந்து தூக்கின அதே முதுகுகள்.

அடுத்து மானேஜர். "ஏம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன். மேல பதிவுல பதினோரு பேரு எழுதினது காணோம். ஆளாளுக்குக் கத்துறாங்க."

"நான் வந்தா போனது திரும்பி வருமா சார்?"

"அங்க எவ்ளோ நேரம் ஆகும்?" என்றார்.

"அவரு இன்னும் உள்ள இருக்காரு."

மூன்றாவதாக இன்ஜினியர் பெண். குரல் இறங்கியிருந்தது.

"தப்பு என்மேலதான்க்கா. நீங்க சும்மா பட்டன் அமுக்குறீங்கன்னு நெனச்சுட்டேன். அதுக்கு முன்னாடி என்ன செய்வீங்கன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. அப்படியே எழுதிக்கறேன். புது சாஃப்ட்வேர் அதையெல்லாம் தானா செய்யணும்."

வியாழக்கா கூடத்தின் கோடியில் ஜன்னலோரம் போய் நின்றாள். இதுவரை இதை யாருக்கும் சொன்னதில்லை. சொல்கிற விஷயமென்றே நினைத்ததில்லை.

"மொதல்ல, புதுசா எதையும் தொடாதீங்கன்னு சொல்லுவேன். கையில இருக்கறத மட்டும் முடிங்கன்னு. மேல கண்ணாடிக்காரர் ஒருத்தரு, காதுல மாட்டிக்கிட்டு இருப்பாரு, சொன்னா கேக்காது. தோளைத் தொடணும். டெஸ்பாட்ச்ல ஒரு பொண்ணு ஒத்த விரல்ல அடிக்கும், என்னை மாதிரி. அதை அவசரப்படுத்துனா தப்பா அடிச்சுட்டு அழும். அது பக்கத்துல நிக்காம கொஞ்சம் தள்ளி நிப்பேன்."

"எல்லாரும் முடிச்சுட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

"கையப் பாப்பேன். வாய் ஆச்சுன்னு சொல்லும். கை ஓடிக்கிட்டே இருக்கும்."

"முடிக்கவே முடியாத வேலைன்னா?"

"அதுக்குத்தான் நோட்டு. எது எங்க நிக்குதுன்னு எழுதிக்குவேன். எழுந்ததும் விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கணும்ல. உங்க சர்வருக்கு அது தெரியல. தூங்கி எழுந்தா பொண்டாட்டி பேரே மறந்துபோற ஆளு அது."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. எழுதுகிற சத்தம் கேட்டது.

"இவ்ளோவும் நாலு மணிக்குள்ள எப்படிக்கா முடியும்?"

"முடியாது. அட்டையிலதான் நாலு மணி. நான் ஒருநாளும் நாலு மணிக்கு நிறுத்தினதில்ல. நாலேகால் ஆகும், நாலரை ஆகும். ஒருதடவை அஞ்சு ஆச்சு. கடைசி ஆளு கைய எடுத்ததுக்கு அப்புறந்தான்."

"டைமரை எடுத்துடறேன்க்கா. புதுசு வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும்..."

"தெரியும். நான்தான் நடக்கணும்."

"நீங்க மட்டுமில்ல, இன்னொருத்தருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி எழுதறேன். அப்புறம், எழுப்பின பிறகு என்ன செய்வீங்க?"

"எழுந்ததும் சும்மா விட்டுடக் கூடாது. மொதல்ல யாரை உள்ள விடணும்னா..."

நர்ஸ் கதவைத் திறந்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வியாழக்கா போனை அப்படியே பைக்குள் போட்டுவிட்டு நடந்தாள்.

அவர் ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டு நாளைக்குத்தான் பிரிப்பார்களாம். நல்லபடியாக முடிந்தது என்றாள் நர்ஸ். தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், தலையைக் குனியவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஒரு கையால் அவர் பிடரியைத் தாங்கி, மறு கையால் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள்.

பைக்குள் போன் அதிர்ந்தது.

"பெரிய வீட்டுக்காரரா?" என்றார் அவர்.

"அவருதான்."

"எடு. பாவம், நீ இல்லாம எழுந்திருக்க மாட்டாரு."

நானூறு மூட்டை ஞாபகம் வந்தது. இந்நேரம் தார்ப்பாயை அவிழ்த்திருப்பார்கள். லோடுமேன்களின் மேஸ்திரி யாரையோ திட்டிக்கொண்டிருப்பார், அதில் பாதி இவளுக்கு உரியது. நாளைக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"கையில வேலை இருக்கு," என்றாள். "குடிங்க மொதல்ல."

அவர் ஒரு மிடறு குடித்தார். நிறுத்தி மூச்சு வாங்கினார். போன் நின்றது, மறுபடி அதிர்ந்தது. டம்ளரில் இன்னும் பாதி இருந்தது. அவள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு, அடுத்த மிடறுக்குக் காத்திருந்தாள்.