சனிக்கிழமை மூச்சு

“அப்படி எழுதாதீங்க டாக்டர். பஞ்சுத் தூசியில நுரையீரல் போச்சுன்னு எழுதுங்க.”

மரணச் சான்றிதழில் சுகாதார ஆய்வாளர் டாக்டர் வகீஹின் பேனா நின்றது. உள்ளே அப்பாவின் உடலைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்களும் நிறுத்திவிட்டார்கள். இதை மட்டும் கேட்டுவிடாதே என்று நஜ்லாவிடம் தம்பி ரஜப் மாடிப்படியிலேயே கெஞ்சியிருந்தான்.

“ரத்த ஓட்டம் திடீர்னு நின்னுபோச்சு. எல்லாருக்கும் அதான் எழுதுவோம்மா. வேலையால வந்த நோய்னு எழுதினா அரசு வக்கீல் வருவார், உடம்பை அறுப்பாங்க. மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம் பண்ண வேண்டாமா?”

“எல்லாருக்கும் அதான் எழுதுறீங்கன்னு தெரியும். அதை வெச்சுத்தான் எனக்குச் சோறே.”

நஜ்லா அலெக்சாண்டிரியாவில் பேராசிரியை. இந்த ஆலைக் குடியிருப்பிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். தப்பாக எழுதப்பட்ட மரணக் காரணங்களைப் புள்ளியியலால் திருத்த அவள் கண்டுபிடித்த முறையைப் பல நாடுகளில் கையாள்கிறார்கள்.

“உங்க பேச்சைக் கேட்டிருக்கேன்,” என்றார் அவர், மரியாதையாகவே. “நாங்க தப்பா எழுதுறதை நீங்கதான் சரி பண்ணிடுறீங்களே. அப்புறம் எதுக்குச் சண்டை?”

ஆனால் அவள் முறைக்குச் சில சான்றிதழ்களாவது உண்மை சொல்ல வேண்டும். அவற்றை வைத்துத்தான் மற்றவற்றைக் கணிக்க முடியும். இந்த ஆலையிலிருந்து அப்படி ஒன்றுகூட வந்ததில்லை. அவள் கணக்கிலும் இங்கே பஞ்சால் செத்தவர் யாருமில்லை.

“நெஞ்சு ஆஸ்பத்திரியில அப்பாவோட எக்ஸ்ரே இருக்கு. அவங்க கடிதம் கொடுத்தா, அறுக்காம எழுதுவீங்களா?”

“எழுதலாம். லுஹர் தாண்டிடும். மில்லுக்காரங்களும் சும்மா இருக்க மாட்டாங்க.”

“டாக்டரம்மா கொளுத்திப் போட்டுட்டு ரயிலேறிடுவாங்க,” என்றான் ரஜப். “நாளைக்கு மில்லு கேட்ல நிக்கப்போறது நான். அப்பா பஞ்சு பேல் உடைச்ச அதே ரூம்லதான் நானும் உடைக்கிறேன். எனக்குப் புள்ளைங்க இருக்குக்கா.”

அம்மா கதவருகே வந்து நின்றாள். “அப்பாவைக் காக்க வைக்காதடி.”

வெள்ளிக்கிழமை ஓய்வு முடிந்து சனிக்கிழமை ஷிப்டுக்குப் போனால்தான் அப்பாவுக்கு நெஞ்சு இறுகும். மேஸ்திரி அதற்குச் சோம்பேறித்தனம் என்று பேர் வைத்திருந்தார். பஞ்சு நோய் அப்படித்தான் தொடங்கும்.

“நேத்து சனிக்கிழமை,” என்றாள் நஜ்லா தம்பியிடம். “ஷிப்டுல உனக்கு மூச்சு எப்படி இருந்துச்சு?”

அவன் சுவரைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்த்தாள்.

“கடிதத்தோட வர்றேன்,” என்று ஆய்வாளரிடம் சொல்லிவிட்டு நஜ்லா செருப்பை மாட்டிக்கொண்டாள். படியில் நாலு பேர் அப்பாவை எடுத்துப்போகச் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். பிறகு இறங்கினாள்.