சாக்ஸ் பற்றிச் சொல்லலாம்

ஹார்லன் தோர்ஸ்கார்ட் ஓய்வு பெறுகிறார். இருபத்திரண்டு ஆண்டுகள் ராணுவத்தில் போதகர், பதினான்கு ஆண்டுகள் எங்கள் மருத்துவமனையில். மருத்துவமனையின் மாத இதழில் அவரைப் பற்றி ஒரு பக்கம் வர வேண்டும். அந்த இதழை எழுதுவதுதான் என் வேலை. ஆனாலும் மேலாளர் ஜோலீன் தயங்கினாள். வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்றாள். நானே எழுதுகிறேன் என்றேன். அவரிடமிருந்து எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

போன மார்ச்சில் என் மனைவி மரிட் இதே மருத்துவமனையின் நான்காம் மாடியில் இறந்தாள். முப்பத்தொரு வயது. அன்று காலையிலிருந்தே பனி. தெருவோரக் கார்களை நான்கு மணிக்குள் எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பனி அள்ளும் வண்டி வர வேண்டும். மரிட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, போய் வரலாம் என்றாள் நர்ஸ். காரை எடுத்து வேறு இடத்தில் விடப் போனேன். திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று. ஹார்லன் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முடிந்திருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்த நர்ஸ் சொன்னாள், அந்த இருபது நிமிடமும் மரிட் பேசிக்கொண்டிருந்தாளாம்.

என்ன பேசினாள்? நான் போனது காருக்காக மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா? பதினொரு மாதமாக எனக்கு இதுதான் வேலை.

ஹார்லனை மூன்று முறை சந்தித்தேன். மனிதர் பேச அஞ்சுகிறவர் இல்லை. பேசினார், பேசினார், எதற்கும் உதவாததாகப் பேசினார். ராணுவத்தில் போதகர் ஆயுதம் தொடக்கூடாது. அவரைக் காப்பாற்றத் துப்பாக்கியோடு ஓர் உதவியாளன் கூடவே நடப்பான். இவருடைய உதவியாளன் பெயர் டெல்ராய். பாலைவன முகாமில் குண்டு விழும்போதும் இவர் கூடாரம் கூடாரமாகப் போவார். டெல்ராய் பின்னாலேயே திட்டிக்கொண்டு ஓடுவானாம்: "உங்களுக்கு மேல ஆள் இருக்கு, பாஸ்டர். எனக்கு யாரு இருக்கா? தலையைக் குனிஞ்சு தொலைங்க."

அப்பம் தீர்ந்துபோய் உப்பு பிஸ்கட்டில் திருவிருந்து கொடுத்த கதையை இரண்டு முறை சொன்னார். சாக்ஸ் கதையை நான்கு முறை. யாரிடமும் அவர் ஜெபம் பண்ணலாமா என்று முதலில் கேட்டதில்லை. கால் காய்ந்திருக்கிறதா என்றுதான் கேட்பார். கால் ஈரமாக இருப்பவனுக்குக் கடவுள் நினைப்பு வராது என்பது அவர் கொள்கை. பையில் பைபிளுக்குப் பக்கத்தில் எப்போதும் பத்து ஜோடி கம்பளிச் சாக்ஸ்.

இங்கே வந்த பிறகு, பார்த்த ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கணினியில் பதிய வேண்டும். மனவேதனை: லேசானது, நடுத்தரமானது, கடுமையானது, மற்றவை. பதினான்கு ஆண்டும் அவர் 'மற்றவை'யைத்தான் அழுத்தியிருக்கிறார். விளக்கம் கேட்கும் இடத்தில் ஒரே சொல்: பேசினோம். இரண்டு அதிகாரிகள் அவரைத் திருத்தப் பார்த்துவிட்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள்.

யாரோடு பேசினார், என்ன பேசினார் என்று கேட்டால் காபி எடுத்துவர எழுந்துவிடுவார். ஒரு சிப்பாயின் பெயரோ, ஒரு நோயாளியின் பெயரோ என் நோட்டில் விழவில்லை.

மூன்றாம் முறை நான் சுற்றி வளைக்கவில்லை.

"மரிட் என்ன சொன்னா?"

கோப்பையைக் கீழே வைத்தார். "அதுக்குத்தான் வர்றேன்னு தெரியும்."

"அப்ப சொல்லுங்க."

"முடியாது, டோபின்."

"அவ போயிட்டா. நான் அவ புருஷன்."

"போயிட்டா. வந்து வேணாம்னு தடுக்க அவளால முடியாதே. அதனாலதான் முடியாது."

பிறகு, கேட்காமலே, ஒரு சிப்பாயின் தாயைப் பற்றிச் சொன்னார். பெயர் இல்லாமல்தான். மகன் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்க இரண்டு நாள் பஸ்ஸில் வந்தாளாம். இவர் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளிடமிருந்து வாழ்த்து அட்டை வருகிறது. உள்ளே ஒரு வார்த்தை இருக்காது, கையெழுத்து மட்டும்.

"நானும் கார்டு அனுப்பணுமா?" என்றேன்.

"அனுப்பேன். எனக்கு இப்ப வர்றதெல்லாம் காது மெஷின் விளம்பரம்தான்."

மேஜையைக் கவிழ்க்கலாம் போலிருந்தது. நோட்டை மூடினேன். எழுந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. அன்று நான் திரும்பி வந்தபோது மரிட்டின் காலில் சாம்பல் நிறக் கம்பளிச் சாக்ஸ் இருந்தது. எங்களுடையது இல்லை. நான் போகும்போது வெறுங்கால்.

"அந்தச் சாக்ஸ் நீங்க போட்டதா?"

கோப்பையை மறுபடி கையில் எடுத்தார். "சாக்ஸ் பத்திச் சொல்லலாம். ஆமா. கால் சில்லுனு இருந்துச்சு."

அவ்வளவுதான்.

புதன்கிழமை ஜோலீன் என் வரைவைப் படித்தாள். முப்பத்தாறு வருடத்தில் மனதை உருக்குகிற மாதிரி ஒரு சம்பவம்கூட இல்லையா, ஏன் இவ்வளவு சாக்ஸ் என்று கேட்டாள். அவர் சொன்னது அவ்வளவுதான் என்றேன். இன்னொரு முறை கேட்டுப் பார் என்றாள். நான் கேன்டீனுக்கு இறங்கினேன்.

புதன்கிழமைகளில் என் மாமியார் வெர்னா கீழே உள்ள பரிசுப்பொருள் கடையில் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறாள். மகள் இறந்த மாதத்திலிருந்து. பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம். அன்று தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த ஹார்லனைப் பத்தி எழுதறியாமே. அந்த மனுஷன் ஒரு பாறாங்கல்லுன்னு எழுது."

ஏன் என்று கேட்டேன்.

"மூணு தடவை கேட்டுட்டேன். ஒருநாள் கறியும் உருளைக்கிழங்கும் போட்டு ஹாட்டிஷ் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு துணுக்கு விடாம தின்னுட்டு, தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாரு. வாயத் திறக்கல."

மரிட் கடைசியாக என்ன பேசினாள் என்றுதானே அவரிடம் கேட்டீர்கள் என்றேன்.

"அவ பேசினதை இல்ல," என்றாள். "நீ பேசினதை. அன்னைக்குக் காலைல வராந்தால அவரைப் பிடிச்சு நிறுத்தி என்னவோ சொன்னியே. அடக்கத்துல நீ அழல. என்கிட்ட இதுவரை ஒரு வார்த்தை பேசல. அவர்கிட்ட மட்டும் என்ன சொன்னே? கேட்டா, அவனையே கேளுங்க வெர்னாங்கறாரு. சரி, கேக்கறேன்."

பதினொரு மாதமாக நான் அவர் வாயைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அதே வாய்க்குள் என்னுடையதும் இருந்திருக்கிறது. ஒன்றுமில்லை என்று நான் சொல்லிவிடலாம். சாகும்வரை அவர் மறுக்கப்போவதில்லை.

"இன்னைக்கே முடிஞ்சிட்டா தேவலைன்னு சொன்னேன்," என்றேன். "என்னால இனிமே பாத்துக்கிட்டு இருக்க முடியாதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் காரை எடுக்கப் போனேன்."

வெர்னா காகிதக் கைக்குட்டையை நான்காக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"காரை எங்க விட்டிருந்தே?"

"எட்டாம் தெருவுல."

"அங்க பனி வண்டி நாலு மணிக்கே வந்துருமே."

"வந்துரும்."

"அப்ப எடுக்கத்தான் வேணும்."

தன் சாண்ட்விச்சில் பாதியை என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டேன். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மேலே போய்க் கட்டுரையை முடித்தேன். சாக்ஸை எடுத்துவிடச் சொன்னாள் ஜோலீன். எடுக்கவில்லை.