4417 இன்னும் ஓடுகிறது

பழைய இரும்புக் கடையில் நசுக்கப்பட்டு நான்கு வருடம் ஆகியிருந்த வாடகைக் கார் ஒன்று, செவ்வாய்க்கிழமை காலை எட்டு பதினொன்றுக்கு நாற்சந்தியைக் கடந்தது. நம்பர் பிளேட்டைப் படிக்கும் புதுக் கேமரா அதைப் பதிவு செய்தது: எண் 4417, வேகம் முப்பத்தெட்டு. படத்தில் வெறும் சாலைதான் இருந்தது. ஒரு புறா மட்டும் எதற்கோ வழிவிட்டு ஒதுங்கியிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன் இருந்தவள் அந்த எண்ணை இரண்டு முறை படித்தாள். அது அவள் அப்பா ஓட்டிய கார். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது, அதற்கு மறுநாளும். மெக்கானிக் லென்ஸைத் துடைத்தார், ஒயரை மாற்றினார், ஒன்பதாம் நாள், "வண்டி வருதும்மா. நம்ம கண்ணுக்குத்தான் தெரியல" என்று ஏணியை மடித்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அந்த எண்ணைக் கேமராவின் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்படி மேலதிகாரி உத்தரவு போட்டார். நீக்கிவிட்டால் கேமரா அதைக் கண்டுகொள்ளாது.

அப்பா அந்தக் காரை முப்பத்தொரு வருடம் ஓட்டியவர். பழைய வண்டிகளை ஒழிக்கும் சட்டம் வந்து, அதைக் கொண்டுபோய் ஒப்படைத்த நாளிலிருந்து மனுஷர் வாசற்படி தாண்டவில்லை. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், தெருவில் யாராவது குறுக்கே பாய்ந்தால் வலது கால் தன்னால் தரையை அழுத்தும். எண்ணை நீக்க மகளுக்கு மனசு வரவில்லை. வியாழக்கிழமை சாப்பிடும்போது மெல்லச் சொன்னாள். அவர் கை தட்டிலேயே நின்றது.

"எட்டு பதினொண்ணா? அது உன்னை ஸ்கூல்ல விடப் போற நேரமாச்சே. இப்ப யாரு ஓட்டுறா?"

"யாரும் ஓட்டலப்பா. படத்துல ஒண்ணுமே இல்ல."

"ஆளில்லாம வண்டி ரோட்ல போறதா? யார் மேலயாவது ஏறிட்டா என்ன ஆவறது?" என்று எழுந்து, காக்கிச் சட்டையைத் தேடத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை நாற்சந்தியில் நின்று கையை நீட்டினார். இல்லாத கதவைத் திறந்தார், குனிந்து உட்கார்ந்தார், விழவில்லை. முழங்கால் மடங்கியபடி, தரைக்கு இரண்டடி மேலே, முப்பத்தெட்டு வேகத்தில் சாலையைக் கடந்தார். போக்குவரத்துக் காவலர் பேருந்தை நிறுத்தி வழிவிட்டார். கூட வந்திருந்த மகள் மூச்சிரைக்கக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். மேலதிகாரி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சீட் பெல்ட் போட்டிருக்காராம்மா?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். தோளிலிருந்து இடுப்பு வரை சட்டை குறுக்காக அழுந்தியிருந்தது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"போட்டிருக்கார் சார்."

"அப்ப நம்பர் இருக்கட்டும்."

இது நடந்து ஏழு வருடமாகிறது. தினமும் அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வேலைக்கு வருகிறாள், மழையிலும் நனைவதில்லை. மேலதிகாரியின் வீடும் அந்த வழிதான். அவர் பின்னால் ஏறி உட்காரும்போதெல்லாம் அப்பா திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "கதவ மெல்லமா சாத்துங்க சார், பழைய வண்டி."