மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு பேரில் ஹிபா

பூந்தமல்லியில் பிரியாணி அண்டா வாடகைக்கு விடும் உஸ்மான் கனியின் மகள் ஹிபா, நசரத்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அயர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம், ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு மட்டும் கோடையில் ஆறு வாரப் படிப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டாள். தேர்வாகிவிட்டால் விமான டிக்கெட்டிலிருந்து சாப்பாடு வரை அவர்கள் பொறுப்பு. உடனே விண்ணப்பம் போட்டாள். சிபாரிசு செய்பவர் என்ற இடத்தில், கல்லூரியில் தனக்கு ஆங்கிலம் எடுக்கும் லோகநாயகி மேடத்தின் பெயரைக் கொடுத்தாள். கொடுத்த பெயரை மாற்ற முடியாது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்ததை அவள் அப்புறம்தான் பார்த்தாள்.

மேடத்துக்கு வந்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. இதுவரை நீங்கள் கற்பித்த அத்தனை மாணவர்களிலும் இவர் எங்கே நிற்கிறார்? முதல் ஒரு சதவீதமா, ஐந்தா, பத்தா, இருபத்தைந்தா? மற்ற ஆசிரியர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் முதல் கட்டத்தில் டிக் போட்டு அனுப்பிவிடுவார்கள். லோகநாயகி மேடம் மூன்று தடவை படித்தார்.

"அத்தனை மாணவர்கள்னு கேட்டிருக்காங்களே ஹிபா. எண்ணிப் பார்க்காம எப்படிச் சொல்றது?"

"உத்தேசமா போட்டுடலாம் மேடம்."

"உத்தேசம்னு கட்டம் எதுவும் இல்லையே."

கள்ளிக்குப்பத்தில் மேடத்தின் வீட்டு பீரோவில் இருபத்தேழு வருஷத்து மார்க் பட்டியல்கள் இருந்தன. ஹிபாவே உட்கார்ந்து அத்தனையையும் கணினியில் ஏற்றினாள். தனக்கு மேலே போகிறவர்களின் பெயரைத் தானே அடிப்பது என்னவோ போலிருந்தது. மொத்தம் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு பேர். ஹிபா முன்னூற்று நாற்பத்தொன்றாவது.

"முன்னூத்தி நாப்பத்தொண்ணா?" என்றார் உஸ்மான் கனி. "கல்யாணப் பந்தியிலகூட நம்ம அவ்ளோ பின்னாடி ஒக்காந்ததில்லியே."

"பத்து சதவீதத்துக்குள்ள வந்துடுச்சு அத்தா. அது போதும்."

போதுமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மேடம், எதற்கும் ஒருமுறை சரிபார்க்கட்டும் என்று பட்டியலைப் பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் துலுக்கானம் கல்லூரி வாசலில் நின்றான். பஸ் கண்டக்டர், நாற்பது வயது. ட்யூட்டி முடித்து நேரே வந்திருந்தான், தோளில் பை தொங்கியது.

"இன்னா மேடம் இது, ரெண்டாயிரத்தி தொள்ளாயிரத்தி பதினொண்ணா நானு? அன்னிக்கு எனுக்கு டைபாய்டு மேடம். எயுதும்போதே கை நடுங்கினு இருந்துச்சி. எம் பொண்ணு இந்த லிஸ்ட்ட பாத்துட்டா."

மேடம் யோசித்தார். காய்ச்சலில் எழுதியவனையும் காய்ச்சல் இல்லாமல் எழுதியவளையும் ஒன்றாக வைப்பது நியாயமில்லை என்று அவருக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுதேர்வு என்று அறிவித்தார்.

எழுபத்துமூன்று பேர் வந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர், இரண்டு வக்கீல்கள், வேலப்பன்சாவடியில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், கைக்குழந்தையோடு ஒருத்தி. பாதிக்கப்படப் போகிறவள் நீதானே, நீயே கண்காணித்துக்கொள் என்று மேடம் ஹிபாவைக் கண்காணிப்பாளராகப் போட்டார். ஒரு வங்கி மேலாளரின் சாக்ஸுக்குள்ளிருந்து அவள் பிட்டு எடுத்தாள்.

"பழக்க தோஷம்மா," என்றார் அவர். "எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் வச்சிக்கிட்டு வந்துட்டேன்."

துலுக்கானம் நாலு தடவை கூடுதல் தாள் வாங்கி, எட்டுப் பக்கத்துக்குக் கட்டுரை எழுதினான்.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. அறுபத்தொரு பேர் ஹிபாவைத் தாண்டியிருந்தார்கள். அவள் இப்போது நானூற்று இரண்டாவது. பத்து சதவீதக் கோடு முன்னூற்று எண்பத்துநாலில் நின்றது. ஹிபா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். அம்மா வஹீதுன்னிசா மட்டும் மகளின் போனிலிருந்து அந்த வாட்ஸப் குழுவில் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். "உங்களுக்கெல்லாம் வேலை, குடும்பம்னு எல்லாம் இருக்குல்ல? எம் புள்ள ஒரு கட்டம்தானே கேட்டுச்சு."

அதைக் கேட்டுத் துலுக்கானத்துக்குச் சோறு இறங்கவில்லை. தன்னையும் சேர்த்துப் பதினெட்டு பேரைத் திரட்டினான். தாங்கள் விலகிக்கொள்வதாக மேடத்திடம் சொன்னார்கள். வாங்கிய மார்க்கிலிருந்து விலக முடியாது என்றார் மேடம். வேண்டுமானால் மறுமதிப்பீடு கேட்கலாம். அதில் மார்க் குறையவும் இடமுண்டு.

படிவத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அன்று மதியம் மேடத்தின் வீட்டு வாசலில் பதினெட்டு பேர் ஆளுக்கொரு விடைத்தாளோடு வரிசையில் நின்றார்கள்.

"மேடம், இங்க பாருங்க, இந்த வினைச்சொல்லு தப்பு. நீங்க முழு மார்க் போட்டிருக்கீங்க," என்றார் வக்கீல்.

மேடம் பார்த்தார். தப்புதான். அரை மார்க் போயிற்று. வக்கீல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். லேத்காரர் இரண்டு எழுத்துப்பிழைகளைக் காட்டினார். கைக்குழந்தைக்காரி, தன் முடிவுரையில் அர்த்தமே இல்லை என்று வாதாடி ஜெயித்தாள். இப்படிப் பதினேழு பேர் ஹிபாவுக்குக் கீழே இறங்கினார்கள். கடைசியாகத் துலுக்கானம் வந்தபோது மணி நாலு நாற்பது.

அவனால் தன் தாளில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. எட்டுப் பக்கத்தையும் மேடம் வரி வரியாகப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஹிபாவும் பார்த்தாள். ஒரு கமா மேல் சந்தேகப்பட்டாள். மேடம் அகராதி, இலக்கணப் புத்தகம் எல்லாம் எடுத்துப் பார்த்து, கமா சரிதான் என்றார்.

"மன்ச்சிக்கோம்மா," என்றான் துலுக்கானம். அவன் கண் கலங்கியிருந்தது. "நானு வேணும்னு பண்ல."

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கண்ணா," என்றாள் ஹிபா. அது உண்மை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மேடம் இருபத்தைந்து சதவீதக் கட்டத்தில் டிக் போட்டார். குறிப்பு எழுதும் இடத்தில், 'மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு பேரில் முன்னூற்று எண்பத்தைந்தாவது. ஒரே ஒருவரால் பத்து சதவீதம் தவறியது. அவர் திரு. துலுக்கானம், பஸ் கண்டக்டர். அவர் கட்டுரை இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி, நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினார்.

ஐந்து வாரம் கழித்து ஹிபா தேர்வானதாகக் கடிதம் வந்தது. காரணம் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு வரி மட்டும், திரு. துலுக்கானம் தற்போது இளங்கலை மாணவரா என்று விசாரித்திருந்தது. இல்லை என்று தெரிவித்தார்கள்.

ஜூலையில் ஹிபா அயர்லாந்து போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் இருபத்துநாலு பேர். மற்ற இருபத்துமூன்று பேரும் முதல் ஒரு சதவீதம். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் முதல் வாரம் அவர்கள் யாரும் வாயே திறக்கவில்லை. ஹிபாவுக்கு அந்தக் கவலை இல்லை, தோன்றியதையெல்லாம் பேசினாள்.

இரண்டாவது வாரம் பேராசிரியை, துலுக்கானத்தின் எட்டுப் பக்கத்தையும் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே வருகிறவர்களைப் பற்றிய கட்டுரை அது.

"இவர்கள் ஏன் பஸ்ஸுக்குள் வருவதில்லை?" என்று ஒரு பையன் ஹிபாவைக் கேட்டான். "உள்ளே இடம் இல்லையா?"

"இடம் இருக்கும்," என்றாள் ஹிபா. "இருந்தாலும் வர மாட்டாங்க."

பேராசிரியை அதைக் குறித்துக்கொண்டார்.