துடைத்தெடுத்த புள்ளி

கீழே இறக்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது. கீழ்ப்பக்கம் அண்ணனும் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரும், மேல்பக்கம் இரண்டு பேராசிரியர்கள். கைப்பிடிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் பற்றவில்லை.

"கொஞ்சம் சாய்ச்சா மூலைவிட்டமா போயிடும். நீளம் ஆறடின்னு வெச்சுக்கிட்டா..." என்று மேலே இருந்தவர் ஆரம்பித்தார்.

"சார், கணக்கு அப்புறம் போடலாம். இதைச் சாய்க்கக் கூடாது. கம்பிக்கு மேல தூக்குங்க, தானா திரும்பும்."

அண்ணன் முப்பது வருஷமாக வீடு மாறுகிறவர்களின் சாமான்களைத் தூக்கிப் பிழைக்கிறவர். நாலு வருஷத்துக்கு முன் தங்கச்சியின் மேசையை இதே படியில் ஏற்றியவரும் அவர்தான். மேசையை ஒருக்களித்து, கால்களைக் கழற்றி, தங்கச்சியைத் திட்டிக்கொண்டே ஏற்றினார். மேசைக்கு அதெல்லாம் செய்யலாம்.

தூக்கினார்கள். பெட்டி திரும்பியது. கனம் முழுவதும் அவர் தோளுக்கு இறங்கியது. எந்தப் பெட்டியைத் தூக்கினாலும் உள்ளே புத்தகமா, பாத்திரமா, துணியா என்று சொல்லிவிடுகிற தோள் அது. இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கனமெல்லாம் பலகையுடையதாகவே இருந்தது.

அந்தத் தோளால்தான் அவருக்குப் பெயர் வந்தது. தங்கச்சிக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. அஞ்சு பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கணக்குக் கூட்டு ஒன்று. உடம்புக்குள்ளே கதிரை விட்டு, மறுபக்கம் வந்து சேர்கிறதை அளந்து, உள்ளே என்ன இருக்கிறதென்று கணக்கிலேயே படம் வரைவார்கள். "திறக்காமலே உள்ள இருக்கறதைச் சொல்லணும் அண்ணா, அதான் வேலை" என்றாள் ஒருநாள். "இதுக்கு எதுக்குடி அஞ்சு காலேஜு? பெட்டியைத் தூக்கினா நான் சொல்லிடுவேனே" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்து, மறுநாள் கூட்டத்தில் சொல்லியும் விட்டாள். அன்றிலிருந்து அஞ்சு ஊரிலும் அவர் பெட்டி அண்ணன்.

பெட்டியை அமரர் ஊர்திக்குள் தள்ளிவிட்டு நின்றார்கள். அம்மா மூன்றாவது மாடியிலிருந்து இறங்க வேண்டும். முட்டி தேய்ந்துபோனவள். பக்கத்து வீட்டு அக்கா கையைப் பிடித்திருந்தாலும் ஒரு படிக்கு ஒரு மூச்சு.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி துடைத்தார். பத்து வருஷமாகத் தங்கச்சியோடு வேலை செய்கிறவர்.

"அண்ணே, இதை இன்னிக்குச் சொல்றது தப்புதான். நாளைக்குக் காலையில கூட்டம். அதுக்குள்ள உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாகணும்."

"சொல்லுங்க சார்."

"பரிசோதனைக்குன்னு அவங்களே மெஷின்ல படுத்தாங்களே, ரெண்டு வருஷம் முன்னாடி..."

தெரியும். கதிரைக் குறைவாக விட்டாலும் படம் தெளிவாக வருகிறதா என்று பார்க்கத் தன் உடம்பையே கொடுத்தாள். அந்தப் படம் ஒரு பத்திரிகையில் அச்சாகி வந்தது. 'என் பொண்ணு படம் புஸ்தகத்துல வந்திருக்கு' என்று அம்மா அதை கேஸ் சிலிண்டர் போடுகிறவர்வரை காட்டிவிட்டாள். 'உள்ள எவ்வளவு சுத்தமா இருக்கா பாரு' என்பாள்.

"கதிர் கம்மியா விட்டா படத்துல புள்ளி புள்ளியா அழுக்கு வரும். அதைத் துடைச்சாத்தான் உள்ள இருக்கறது தெரியும். எவ்வளவு துடைக்கணும்னு ஒரு எண் உண்டு." கண்ணாடிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒரு புள்ளி மட்டும் போகாம நின்னுச்சு, அண்ணே. அவங்கதான் அந்த எண்ணைக் கூட்டினாங்க. போயிடுச்சு. அஞ்சு பல்கலைக்கழகமும் பார்த்தோம். படம் சுத்தமா இருக்குன்னு கை தட்டினோம். ஆராய்ச்சிப் படம்தானே, டாக்டர் யாரும் பார்க்கல."

வண்டிக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"போன மாசம் ஆஸ்பத்திரியில இருந்தே அந்தப் பழைய அளவை எடுத்து எண்ணைக் குறைச்சுப் பார்த்திருக்காங்க. புள்ளி திரும்ப வந்திருக்கு, அழுக்கில்ல, கட்டி. எனக்குப் போன் பண்ணி, 'நம்ம முறை ரொம்ப நல்லா வேலை செய்யுதுப்பா'ன்னு சிரிச்சாங்க."

அவருக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. அதே சமயம், அந்த வருஷம் அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றதும் கண்ணுக்குள் வந்தது. 'நாள் பூரா உக்காந்தே இருந்தா வலிக்காம என்ன செய்யும்? எங்கூட வந்து ரெண்டு பெட்டி தூக்கு, சரியாப் போயிடும்' என்று சொன்னார். அவளும் சரியென்று தலையாட்டினாள்.

"அடுத்த மாசம் ஒரு ஆஸ்பத்திரியில நம்ம முறையை நோயாளிங்களுக்கே வெச்சுப் பார்க்கப் போறாங்க. அதே எண். நிறுத்தணும். தப்பு நடந்துச்சுன்னு அதே பத்திரிகையில அந்தப் படத்தைப் போட்டே எழுதணும். அவங்க பேரு வரும், அண்ணே. 'எங்கண்ணன் சரின்னாத்தான் எழுதணும். என்னால அவன்கிட்ட சொல்ல முடியாது'ன்னாங்க."

"இப்ப இருக்கா அந்தப் படம்?"

கண்ணாடிக்காரர் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து வண்டியின் முன்பக்க மூடியின்மேல் வைத்துத் திறந்தார். சாம்பல் நிறத்தில் வட்டமாக, வெட்டிவைத்த மரத்துண்டுபோல ஒரு படம். அந்த எண்ணைக் குறைத்தார். படம் முழுக்கப் பொடி தூவினாற்போல ஆயிற்று. விலாவுக்குக் கீழே மட்டும் ஒன்று, பொடியோடு சேராமல், வெள்ளையாக நின்றது.

பெட்டி அண்ணன் வெகுநேரம் பார்த்தார்.

"எழுதுங்க."

"அண்ணே, உங்க அம்மா..."

"எழுதுங்க சார். அம்மாவுக்கு வெளியாள் சொல்லித் தெரியக் கூடாது. நான் சொல்லிக்கிறேன்."

அம்மா கடைசிப் படியில் இறங்கி மூச்சு வாங்கினாள். வண்டியின் பின்பக்கம் போகாமல் நேரே இவர்களிடம் வந்தாள்.

"என்னடா அது? அவ படமா?"

"ஆமாம்மா."

"நம்மகிட்ட இருக்கறதாட்டம் இல்லையே. ஏன் இப்படிப் பொரிஞ்சு கெடக்கு?"

"இதுதாம்மா நெஜமான படம். அது துடைச்சது." அவர் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "துடைக்கும்போது அவ இதையும் சேர்த்துத் துடைச்சுட்டா. தெரியாம. அப்பவே இருந்திருக்கு."

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள். கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார். பக்கத்து வீட்டு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எது?"

அவர் காட்டினார்.

"இவ்ளோண்டுதானாடா?"

அம்மா வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி அதன்மேல் வைத்தாள். விரல் நுனிக்குள் அது முழுசாக மறைந்துபோயிற்று. வண்டிக்காரர் என்ஜினைக் கிளப்பினார். மூடி அதிர்ந்து படமும் அதிர்ந்தது. திரை தானாக அணைந்து கறுத்த பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை.