நான்காவது மிஷினின் நிழல் விலை

கோயம்புத்தூரில் ஏதோ ஒரு நிர்வாகப் பயிற்சி வகுப்பில் பத்து நாள் உட்கார்ந்துவிட்டு வந்ததிலிருந்து சண்முகராஜுக்குத் தேனியே பிடிக்கவில்லை. டீ மாஸ்டர் டீ ஆற்றுவது அன்சயின்டிபிக். பருத்தி வண்டிகள் பேக்டரி வாசலில் நிற்கிற வரிசை அன்சயின்டிபிக். பெண்டாட்டி சாம்பாரைத் தாளிப்பதுகூட அன்சயின்டிபிக்தான். ஆனால் அதை மூன்று கரண்டி ஊற்றித் தின்றுவிட்டுத்தான் சொல்வான்.

மதுரையில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவள் சொர்ணலதா. புருஷன் பெட்டியில் கொண்டுவந்த உருட்டச்சு நோட்ஸை ஒரு மத்தியானத்தில் படித்து முடித்து, அதில் இருந்த இரண்டு தப்புகளைப் பென்சிலால் திருத்தியும் வைத்திருந்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. நோட்ஸைத் திறந்தால்தானே கவனிப்பதற்கு.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. மாமனார் சங்கரலிங்கத்தின் ஜின்னிங் பேக்டரியில் நாலு மிஷின்கள். பருத்தியைக் களத்தில் காயவைத்து, கறைபட்ட சுளைகளைப் பெண்கள் பொறுக்கித் தள்ளிய பிறகு, மிஷின் கொட்டையையும் பஞ்சையும் பிரிக்கும். நான்காவது மிஷின் சொர்ணலதாவின் கல்யாண நகையை விற்று வாங்கியது. "நகை பீரோவுல தூங்கி என்னத்துக்கு ஆகும் தாயி, மிஷினா ஓடட்டும், அது உன் மிஷினுதான்" என்று மாமனார் தேனாகப் பேசி வாங்கினார். அந்த வீட்டில் எந்த மிஷின் யார் பேரில் வாங்கியதோ, ஆயுத பூஜையன்று அவர்தான் அதற்குப் பொட்டு வைக்க வேண்டும். மூன்றுக்கு மாமனார் வைத்தார். நாலாவதற்கு அவள் வைத்தாள்.

அந்த மிஷின் இருந்ததால்தான் ஆபீஸ் அறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. இல்லாவிட்டால் அந்த வீட்டு மருமகளுக்கு அடுப்படியைத் தாண்டி என்ன வேலை? அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் தன் நேரம் என்று அவள் நினைத்தாள். அது போய்விட்டால் மூச்சு முட்டிச் செத்தே போவோம் என்றும் நினைத்தாள்.

ஐப்பசியில் எதிர்த்த பேக்டரிக்காரன் புது மிஷின் ஒன்று இறக்கினான். சங்கரலிங்கத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "நாமளும் அஞ்சாவது ஒண்ணு போட்டுருவோம்ல" என்றார். அவருக்கு வியாபாரம் என்றால் அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரன் தும்மினால் இவர் மூக்கைச் சிந்த வேண்டும்.

"அப்பா, சயின்டிபிக்கா பார்க்கணும்" என்றான் சண்முகராஜ். "லீனியர் புரோகிராமிங்னு ஒண்ணு இருக்கு. எந்தப் பருத்தியை எவ்வளவு அரைச்சா லாபம் உச்சமா வரும், அதுக்கு எதைக் கூட்டணும்னு கணக்கே சொல்லிரும்." பிறகு அறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினான். "லதா, நீ போட்டுரு. நான் பைனலா பார்த்துக்கிறேன்."

அவள் போட்டாள். களத்தின் இடம், பொறுக்கும் பெண்களின் நேரம், மிஷின்களின் நேரம் எல்லாவற்றையும் வரம்புகளாக வைத்து, பெரிய தாள்களில் கட்டம் கட்டமாக அடித்துத் திருத்தி விடைக்கு வந்தாள். முடிவை இரண்டு பக்கத்தில் அழகாக எழுதி, மாமனாருக்கும் புருஷனுக்கும் முன்னால் வாசித்தாள்.

"மாமா, களத்துல இன்னும் கொஞ்சம் இடம் இருந்தா லாபம் கூடும். பொறுக்குற பொம்பளைக நேரம் கூடினாலும் கூடும். மிஷின் நேரத்தை மட்டும் கூட்டினா ஒண்ணும் கூடாது. இருக்கதுலயே மிச்சம் இருக்கு. ஒரு மணி கூட்டினா எவ்வளவு லாபம் கூடுமோ, அதுக்குப் பேரு நிழல் விலை. மிஷினுக்கு அது பூஜ்யம். அஞ்சாவது மிஷின் வேண்டாம்."

"பூஜ்யமா?" என்றான் சண்முகராஜ். கிணறு வெட்டப் போய்ப் புதையல் கண்டவன் முகம் அப்போது அவனுக்கு. "அப்ப நாலாவதே தண்டம்தான?"

"இல்லைங்க. ரெண்டாம் பக்கத்தைக் கேளுங்க. அந்தப் பூஜ்யம் எதுவரைக்கும் செல்லும்னு அதுலதான் இருக்கு. மிச்சம் இருக்கது கால் மிஷின் நேரந்தான். அதுக்கு மேல குறைச்சா, குறையிற ஒவ்வொரு மணிக்கும் பதினெட்டு ரூபா போயிரும்."

சங்கரலிங்கம் கொட்டாவி விட்டார். "பூஜ்யம்னா பூஜ்யந்தான தாயி. அதுக்கென்ன முதப் பக்கம், ரெண்டாம் பக்கம்?"

"பூஜ்யம்னு சொன்னது நாலு மிஷினுக்கும் சேர்த்துத்தான் மாமா. அப்ப நாலையும் வித்துருவீகளா?"

"கடைசியா வந்ததுதான ஜாஸ்தி, அதை வித்துருவோம்" என்றான் புருஷன். ஒரே மாதிரி நாலு மிஷின் ஓடும்போது, எது கடைசியாக வந்தது என்று பருத்திக்குத் தெரியுமா? இந்த அறிவை வளர்க்கத்தான் கோயம்புத்தூரில் பணம் கட்டியிருந்தான்.

"பொம்பளைப் புள்ள கணக்குப் போட்டுச்சு, ஆம்பள முடிவெடுத்தான். சரியாத்தான இருக்கு" என்று மாமனார் எழுந்து போனார்.

சொர்ணலதாவுக்கு அழுகை வரவில்லை. இந்த இரண்டு பேருக்கும் முன்னால் அழுவதைவிட அசிங்கம் வேறில்லை என்று தோன்றியது. அன்றைக்கே வடுகபட்டியில் இருந்த தன் ஆத்தாளுக்கு ஆள் அனுப்பினாள்.

புரோக்கர் கர்ணன் வந்து, கூடலூர்ப் பக்கம் ஒரு பார்ட்டி கேட்கிறது என்றான். பூஜ்யத்துக்கு விலை பேசுகிறவன் என்ன பெரிதாகப் பேரம் பேசிவிடப் போகிறான்? ஏறக்குறையப் பழைய இரும்பு விலைக்கே சண்முகராஜ் தலையாட்டிவிட்டான். வந்த பணத்தில் ஆபீஸுக்குள் கண்ணாடி அறை ஒன்று எழும்பியது. சுழல்கிற நாற்காலி, பெரிய மேசை, 'மேனேஜிங் டைரக்டர்' என்று பித்தளைப் பலகை. அறைக்கு இடம் வேண்டுமே, சொர்ணலதாவின் நாற்காலியைத் தூக்கிக் கொட்டை மூட்டைகளுக்குப் பக்கத்தில் போட்டார்கள். மேசை ஒரு பக்கம் ஆடியது. சண்முகராஜ் அங்குமிங்கும் பார்த்து, கையில் அகப்பட்ட ஒரு தாளை நாலாக மடித்து அதன் காலுக்கு அடியில் கொடுத்தான். அது எந்தத் தாள் என்று அவள் பார்த்தாள்.

தைப் பொங்கலுக்கு வடுகபட்டிக்குப் போனவள், ஆத்தாளுக்கு முழங்கால் வலி என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டாள். போகும்போது அந்த நாற்காலியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. கணக்கு முடிந்துவிட்டதே, இனி அவள் எதற்கு?

மாசி பிறந்தது. பள்ளத்தாக்கெங்கும் பருத்தி வெடித்து, வண்டி வண்டியாக வந்து இறங்கியது. மூன்று மிஷின்களும் இரவும் பகலும் ஓடின. ஓடி என்ன செய்ய? களத்தில் காய்ந்து, பெண்கள் பொறுக்கி முடித்த பருத்தி மிஷினுக்குப் போக வழியில்லாமல் அம்பாரம் அம்பாரமாக நின்றது. போட இடமில்லாமல் கடைசியில் கண்ணாடி அறைக்குள்ளும் கொட்டினார்கள். மதுரை மில்காரர்கள், சொன்ன தேதிக்குப் பஞ்சு வராவிட்டால் ஆர்டரை எதிர்த்த பேக்டரிக்கு மாற்றிவிடுவோம் என்று தந்தி கொடுத்தார்கள். சங்கரலிங்கத்துக்கு மறுபடியும் சோறு இறங்கவில்லை.

வாடகைக்கு மிஷின் தேடி சண்முகராஜ் ஊர் ஊராக அலைந்தான். சீசனில் எவன் தருவான்? கர்ணன்தான், "வடுகபட்டியில ஆயில் இன்ஜின்ல ஓடுற ஒண்ணு இருக்கு மொதலாளி" என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான்.

லாரியில் பருத்தியோடு போய் இறங்கினால், மாமியார் வீட்டுத் தொழுவம். மாடுகள் வெளியே வேப்பமரத்தடியில் கட்டிக் கிடந்தன. உள்ளே நான்காவது மிஷின், நெற்றியில் புதுப் பொட்டோடு. பக்கத்தில் அதே நாற்காலியில் சொர்ணலதா.

"வாங்க மாப்ள" என்றாள் மாமியார் சந்தனம்மாள். "பூண்டு வித்த காசு சும்மா கெடந்துச்சு. பழைய இரும்பு வெலைக்கு வருதுன்னாக. விடுவானேன்னு வாங்கிப் போட்டேன்."

சண்முகராஜ் பெண்டாட்டியைப் பார்த்தான். கத்தலாம்தான். வெளியே லாரி நிற்கிறது, மதுரைத் தந்தி சட்டைப்பையில் இருக்கிறது.

"மணிக்கு என்ன வாடகை?" என்றான்.

"பதினேழு ரூபா."

"பதினேழா? ஊர்ல எட்டுதான?"

"ஊர்ல இருந்தா அங்கனயே ஓட்டிக்கங்க. உங்களுக்கு இப்ப மிஷின் ஒரு மணி ஓடினா பதினெட்டு ரூபா லாபம். நான் பதினேழுதான் கேக்கேன். மணிக்கு ஒரு ரூபா உங்களுக்கு மிஞ்சும். பொண்டாட்டியாச்சேன்னு விட்டுக் குடுக்கேன்."

அவன் விரல் விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தான். கோயம்புத்தூர் நோட்ஸில் எங்கேயாவது இதற்கு வழி சொல்லியிருந்தார்களா என்று யோசித்தானோ என்னவோ. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவளிடம் ஒரு உருப்படியான கேள்வி கேட்டான்.

"எவ்வளவு நேரம் ஓட்டினா எனக்குக் கட்டும் லதா? எதுவரைக்கும் இந்தப் பதினெட்டு?"

சொர்ணலதா அவனை நன்றாக ஏறிட்டுப் பார்த்தாள்.

"அது ரெண்டாம் பக்கத்துல இருக்கு. உங்க மேசைக் காலுக்கு அடியில. எடுத்துப் படிச்சிட்டு வாங்க, மேசை ஆடினா ஆடிட்டுப் போகுது."

"அட்வான்ஸைக் குடுத்துட்டுப் போங்க மாப்ள" என்று கையை நீட்டினாள் சந்தனம்மாள்.