உடை என்று எழுதிய பெட்டி

அந்தப் பெட்டியை எந்த நாளில் ஒட்டினார்கள் என்பதில் இப்போது யாருக்கும் உறுதியில்லை. சொல்கிற எனக்கும் இல்லை. வீடு மாறிய நாட்கள் நினைவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. எது முன்னால், எது பின்னால் என்று பிரித்தெடுக்க முடிவதில்லை. மூத்தவளின் வயிற்றெரிச்சல் எங்கே தொடங்கியது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்தார்கள். வீட்டை விற்கப்போவதாக உரிமையாளர் சொன்னதும் இரண்டு குடும்பமும் சேர்ந்தே வேறு வீடு பார்த்தன. அண்ணன் மனைவியான மூத்தவளுக்குப் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை. குடும்பத்தில் படிக்கிறவள் என்றால் அவள்தான். கொழுந்தன் அவளை "லைப்ரரி அண்ணி" என்றே கூப்பிடுவான். அந்தப் பட்டத்தை அவள் காதுத் தோடு போலக் கழற்றாமல் போட்டிருந்தாள்.

வீடு மாறுவது முடிவானதும் அவள் முதலில் கட்டிவைத்தது புத்தகங்களைத்தான். "எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வரட்டும். அங்க போய் நிம்மதியா உக்காந்து படிச்சுக்கலாம்" என்றாள். அதன்பிறகு அவள் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அது உறைக்கவும் இல்லை.

சின்னவள், அவளுடைய ஓரகத்தி, நர்ஸ். மருந்துச்சீட்டைத் தவிர வேறெதையும் அவள் வாசித்து யாரும் பார்த்ததில்லை. புத்தகங்களைக் கட்டுகிற நேரத்தில் வந்து, ஒரு தடித்த நாவலைக் கேட்டு வாங்கிப்போனாள். படகு கட்டும் குடும்பம் ஒன்றின் கதை. "இதைப் படிக்காம, நானும் படிக்கிறவன்னு யாரும் சொல்லிக்கக் கூடாது" என்று மூத்தவளே ஊரெல்லாம் சொல்லிவந்த புத்தகம்.

சின்னவள் கண்ட இடத்திலெல்லாம் படித்தாள். சுருட்டிக் கட்டிய மெத்தையின் மேல் உட்கார்ந்து படித்தாள். பால் பொங்கும்வரை அடுப்படியில் நின்று படித்தாள். திரைச்சீலையைக் கழற்ற ஸ்டூலில் ஏறியவள் இறங்க மறந்து, மேலேயே குந்திக்கொண்டு பக்கம் புரட்டினாள். மூத்தவளுக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. தனக்குப் படிக்க நாற்காலி வேண்டும், வெளிச்சம் வேண்டும், வீடு அடங்க வேண்டும். இவளுக்கு ஒன்றுமே வேண்டியதில்லையா?

ஒருநாள் சின்னவள் வந்து நின்றாள்.

"அக்கா, அந்தப் பெரிய மகன் திரும்பி வருவானா? ஐயோ, வாயால சொல்லாதீங்க. தலையை மட்டும் ஆட்டுங்க."

மூத்தவள் ஆமாம் என்றும் இல்லை என்றும் படாமல் ஆட்டிவைத்தாள்.

"இது என்ன ஆட்டுக்கா? பல்லு பிடுங்க வந்தவங்க மாதிரி!"

சின்னவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்த நாவலை மூத்தவள் பாதியில் வைத்து வருடங்கள் ஆகியிருந்தன. அவள் விட்ட இடத்தில் பெரிய மகன் இன்னும் வீட்டைவிட்டே போயிருக்கவில்லை.

அன்று சின்னவள் வேலைக்குப் போனதும் மூத்தவள் அந்தப் புத்தகத்தை எடுத்துத் தன் பழைய துணிகளுக்கு நடுவே செருகி, பெட்டியை ஒட்டி, மேலே "உடை" என்று எழுதினாள்.

"அக்கா, புத்தகத்தைப் பாத்தீங்களா?"

"இந்தக் களேபரத்துல நான் எதைன்னு பாக்கறது?"

சின்னவள் கொஞ்ச நேரம் வெறுங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு டம்ளர்களைச் சுற்ற வைத்திருந்த பழைய செய்தித்தாளை எடுத்தாள். ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் சுற்றினாள். ஒளித்தும் பயனில்லை என்று மூத்தவளுக்குப் புரிந்தது.

லாரி வந்த அன்று, சுமை ஏற்றுகிறவர் அந்தப் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கேட்டார்: "என்னங்க, 'உடை'ன்னு எழுதியிருக்கு? உடைச்சுடவா?"

எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தன் ஓடிவந்தான். "அண்ணி அவசரத்துல 'யும்' போட மறந்துட்டாங்க. லைப்ரரியிலயே எழுத்துப்பிழை!" பேனாவால் "உடையும்" என்று ஆக்கினான். துணிதான் என்று சொல்ல மூத்தவள் வாயெடுத்தாள். என்ன துணி, ஏன் இவ்வளவு கனம் என்று கேட்பார்களே. வாயை மூடிக்கொண்டாள். கொழுந்தன் பெட்டியை முன்சீட்டில் இருந்த தன் மனைவியின் மடியில் வைத்தான். "கண்ணாடிச் சாமான். பத்திரம்."

சின்னவள் வழியெல்லாம் அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாள்.

புது வீட்டில் சமையலறைச் சாமான்தான் முதலில் வேண்டியிருந்தது. சின்னவள் "உடையும்" பெட்டியைப் பிரித்தாள். துணி. இன்னும் துணி. பிறகு புத்தகம். எதிரே மூத்தவள் சுவரோடு சுவராக நின்றாள்.

"தெரியாம உள்ள போயிருக்கும்போல. இல்லக்கா?"

தலையை ஆட்டினால் போதும். மூத்தவளால் ஆட்ட முடியவில்லை.

"நான்தான் வச்சேன். நீ என்னைத் தாண்டிப் போயிட்டே. நான் பாதிக்குமேல படிச்சதே இல்ல."

சின்னவள் அவளையே பார்த்தாள். பிறகு, "அப்ப அந்தத் தலையாட்டு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திட்டியிருந்தால் மூத்தவளுக்கு ஆறியிருக்கும். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தாங்க, நீங்களே முதல்ல முடிங்க" என்று புத்தகத்தை நீட்டியபோது இன்னும் எரிந்தது.

ஆனாலும் வாங்கிக்கொண்டாள். நாற்காலி எதுவும் இன்னும் இறங்கவில்லை. துணிப்பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தாள். முதல் பக்கம் ஏறவே இல்லை. இரண்டாவது கொஞ்சம் ஏறியது. பிறகு பாத்திரச் சத்தம் காதில் விழவில்லை.

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சின்னவள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

"எங்க இருக்கீங்க? போயிட்டானா அவன்?"

"போடி அந்தப் பக்கம்."

மூத்தவள் நாவலை முடித்துக் கொடுத்தாள். சின்னவள் அதன்பிறகு முடித்தாள். கொழுந்தனிடம் இருவருமே எதுவும் சொல்லவில்லை. பிறகு அவனுக்கு வேலை மாற்றலாகி, தம்பி குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. மூத்தவள் அதே மருத்துவமனையில்தான் இருக்கிறாள். போனில் பேசும்போது, இப்போது என்ன படிக்கிறாய் என்று சின்னவளிடம் கேட்பாள். தான் படிக்காத புத்தகத்தின் பெயரைச் சின்னவள் சொல்லிவிட்டால் அன்று மூத்தவளுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.